குளத்தின் அந்தப் பக்கம்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கதைக்காரனின் ஊரும் பயணமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கதை நடக்கிற இடத்தை எழுத்தாளன் எங்கேயிருந்து எடுக்கிறான்? பிறந்த ஊரிலிருந்தா, போய்வந்த ஊர்களிலிருந்தா? இதுதான் கேள்வி. இதற்குத் தயாராக ஒரு பதில் எல்லோரிடமும் இருக்கிறது. சொந்த ஊர் எழுத்தாளனுக்கு மண்ணைக் கொடுக்கிறது, பயணம் அவனுக்குக் கண்ணைக் கொடுக்கிறது என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தப் பதிலில் இருக்கிற 'சொந்த ஊர்', 'பயணம்' என்ற இரண்டு வார்த்தையுமே நமக்கு வேறு அர்த்தம் கொண்டவை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் அம்மா காலையில் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு கிளம்பும்போது சொல்வாள்: "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்." அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அந்த ஊரில்தான். ரேஷன் கார்டில் அந்த ஊர்ப் பேர்தான் இருக்கிறது. ஆனாலும் 'ஊருக்குள்ள' போகிறாள். அப்படியென்றால் அவள் இருந்தது எங்கே? ஊருக்கு வெளியே. இதை அவளுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லித் தரவில்லை. மொழியிலேயே இருக்கிறது. 'ஊர்' என்றால் அவர்கள் தெருக்கள், மற்றது சேரி, காலனி, கீழத்தெரு. இப்படி இருக்கையில், "உங்கள் சொந்த ஊரைப் பற்றி எழுதுங்கள்" என்று பத்திரிகைக்காரர் கேட்டால் நான் எதை எழுதுவது? 'மண்வாசனை' என்கிறார்கள். ஒரு செண்ட் நிலம் இல்லாதவனுக்கு மண்ணின் வாசனை மூக்கில் தெரிவதில்லை, முதுகில்தான் தெரியும்.

என் முதல் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1986ஆம் வருஷம். கல்லூரி முடித்து வேலை இல்லாமல் இருந்த நேரம். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கால்வாய் பாய்கிற ஒரு கிராமம் எங்களுடையது. கதையின் தொடக்கத்தில் ஊரை வர்ணித்திருந்தேன். அதிகாலை, கோயில் குளம், படித்துறையில் நீர் அலம்புகிற சத்தம், தண்ணீரில் கோபுரத்தின் நிழல் தலைகீழாக ஆடுகிறது, எதிர்க்கரையில் வயல். ஒரு பத்திரிகையில் வந்தது. 'கிராமத்தைக் கண்முன் நிறுத்துகிறார்' என்று வாசகர் ஒருவர் கடிதமும் எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் அக்கா மகள் கதையை உரக்கப் படித்துக் காட்டினாள். அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். வர்ணனை முடிந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இது எந்த ஊருல?"

"நம்ம ஊருதான்."

"நம்ம ஊரா? அந்தக் கொளத்த அந்தப் பக்கமா இருந்து நா பாத்ததே இல்லியே. நீ எப்பம்ல அங்க போன?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் விமர்சனம் எதுவும் செய்யவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அறுபது வருஷம் அந்தக் குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயலில் நாற்று நட்டவள், களை பறித்தவள். படித்துறைப் பக்கம் அவள் கால் பட்டதே கிடையாது. கோபுர நிழல் தண்ணீரில் விழும் என்பது அவளுக்கு என் கதையைக் கேட்டுத்தான் தெரியும்.

அப்படியானால் நான் அந்தப் படித்துறையை எப்போது பார்த்தேன்? இதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி விடுதியிலிருந்து ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். நல்ல மனுஷன். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, எங்க சம்பந்தக்காரங்க ஊருல்லா! யாரு வீட்டுப் பிள்ள? எந்தத் தெரு?" தோழர்களே, இந்தக் கேள்வியைத் தாண்டாமல் நம்மில் ஒருவனும் இந்த நாட்டில் பஸ் ஏறி இறங்கியது இல்லை. சிலர் தைரியமாகச் சொல்வோம், சிலர் பக்கத்து டவுன் பேரைச் சொல்வோம், சிலர் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வோம். நான் அன்றைக்குக் கோயில் தெரு என்றேன். அவர் சந்தோஷப்பட்டு, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, தன் புளியோதரையில் பாதியை எனக்குக் கொடுத்தார். தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே இறங்கியது. பசி.

எங்கள் விலக்கில் அவரும் இறங்கினார். அங்கேயிருந்து வேறு பஸ் மாற வேண்டுமாம். டீக்கடை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த விலக்கில் இரண்டு பாதை. நேராகப் போனால் ஊர். இடது கைப்பக்கம் குளத்துக்கரை மேல் போனால் எங்கள் தெரு. அவர் பார்க்கிறாரே என்பதற்காக நேராக நடந்தேன். சொன்ன பொய்க்குக் கால் கொடுக்க வேண்டியிருந்தது. தேரடி வழியாக, காலில் செருப்போடு, நெஞ்சு படபடக்கப் போனேன். கோயில் தாண்டியதும் படித்துறை. ஒரு நிமிஷம் நின்றேன். சாயங்கால வெயிலில் கோபுரம் தண்ணீருக்குள் கிடந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, கீழத்தெருக்காரப் பயதான? இங்க என்னல சோலி?" "தபாலாபீஸ்" என்றேன். "தபாலாபீஸ் கொளத்துக்குள்ளயா இருக்கு?" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் எடுக்கச் சொல்லவில்லை. நானாக எடுத்தேன். அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் என் முதல் கதையில் 'எங்கள் ஊர்' என்று எழுதினேன். விரட்டப்பட்டதை விட்டுவிட்டேன், கையில் தூக்கிய செருப்பை விட்டுவிட்டேன். கோபுர நிழலை மட்டும் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? கதை என்றால் ஊரை அப்படித்தான் காட்ட வேண்டும் என்று நான் படித்த கதைகள் பழக்கியிருந்தன. நான் படித்த ஊர்களெல்லாம் அக்ரகாரத்துத் திண்ணையிலிருந்தோ பண்ணை வீட்டு மாடியிலிருந்தோ பார்க்கப்பட்ட ஊர்கள். எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து அவர்கள் பார்த்தார்கள். நான்தான் என் இடத்தை விட்டுவிட்டு அவர்கள் இடத்தில் போய் நின்றேன், அதுவும் திருட்டுத்தனமாக. அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் குளம் எப்படி இருக்கும்? எங்களுக்கு அது மடைக்குளம். எங்கள் தாத்தா மடை திறக்கிறவர். குளம் பெருகிக் கிடக்கும்போது தண்ணீருக்குள் முங்கி, கல்மடையின் துளையைத் தடவிக் கண்டுபிடித்து, அடைப்பைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய உடனே விலகாவிட்டால் நீர் ஆளை இழுத்துத் துளையோடு அப்பிவிடும். குளத்தில் எங்கே எத்தனை ஆள் ஆழம், எங்கே சேறு, எங்கே மணல், எந்த மாதம் எந்தப் படுகை வெளியே தெரியும் என்பதெல்லாம் அவர் உடம்புக்குத் தெரியும். மேலே மிதந்த கோபுர நிழல் அவருக்குத் தெரியாது. கீழே இருந்த இருட்டு தெரியும். ஒரே குளம்தான். இரண்டு வேறு உலகங்கள். கதைக்களம் என்பது கண்ணுக்குத் தெரிகிற காட்சி என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் அது உழைப்பால் அறிந்த இடம், கூடவே எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்பதால் அறிந்த இடம்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது எனக்கு இது பளிச்சென்று விளங்கியது. அந்த நூல் ஊரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மலைகள், அவற்றின் பேர்கள், குளங்கள் எல்லாம் வருகின்றன. அப்புறம் தெருக்கள் வருகின்றன. எந்தத் தெருவில் எந்தச் சாதி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், கடை எல்லாம் யார் பக்கம் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறார். வர்ணனை மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ஊரிலேயே உட்கார்ந்து அதை எழுதிவிடவில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு, வெளியேறி வந்த பிறகு எழுதினார். போனதும் திரும்பியதும் சேர்ந்துதான் அந்தத் தெருவை அவருக்குக் காட்டியிருக்கின்றன.

இனி பயணத்துக்கு வருகிறேன். மற்றவர்கள் பயணம் போனால் உலகத்தைப் பார்க்கிறார்கள். நாம் பயணம் போனால் உலகம் நம்மைப் பார்க்கிறது. அம்பேத்கர் தன் பயணங்களைப் பற்றி எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. விசாவுக்காகக் காத்திருப்பது என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதியவை. 1990இல் தனி நூலாக வந்தன. அவர் எழுதியது கதை இல்லை, சொந்த அனுபவம். ஆனாலும் கதை எழுத வருகிற ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். 1901இல் சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க ரயிலில் கிளம்புகிறார்கள். எல்லாரும் பிள்ளைகள், நல்ல உடுப்புப் போட்டிருக்கிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகார் என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரண்டு மடங்கு கூலி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தாகத்தோடு கிடக்கிறார்கள்.

அந்த வழியில் மலை இருந்ததா, நிலா இருந்ததா என்று நாம் தேடுவதில்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுதான் அந்தப் பயணத்தின் நிலவியல். 1917இல் பரோடாவில் பார்சி விடுதியில் பொய்ப் பெயரில் தங்கி, கம்போடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதையும், 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கை கால் கழுவியதற்குக் கூட்டம் கூடி ஏசியதையும் அதே நூலில் எழுதியிருக்கிறார். லண்டனும் நியூயார்க்கும் பார்த்த மனிதர். அவர் பொய்ப் பெயர் சொன்னதைப் படித்த அன்றைக்குத்தான் என் புளியோதரைப் பொய்யை நான் கொஞ்சம் மன்னித்தேன்.

1988இல் நான் பம்பாய்க்குப் போனேன். தாராவியில் சித்தப்பா இருந்தார். தோல்பை தைக்கிற பட்டறையில் எனக்கு வேலை. ஊரை விட்டால் சாதி போய்விடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். போய்ப் பார்த்தால் திருநெல்வேலிச் சீமையே அங்கே சந்து சந்தாக உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சாதி சாதியாக. ஆனால் ஒன்று நடந்தது. ராத்திரி பொதுக்குழாயில் குடத்தை வரிசை போட்டுவிட்டுப் பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள். எந்த வயலில் யார் அடிவாங்கினது, எந்த வரப்பில் பிள்ளை பிறந்தது, எந்த மடையில் யார் செத்தது என்று. சத்தம் போட்டுச் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஊரில் இந்தக் கதைகளை இவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை. அங்கே பண்ணையார் காது பக்கத்தில் இருந்தது. இங்கே ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறது. தூரம் எனக்குப் புதுக் கண்ணைக் கொடுக்கவில்லை. எங்கள் சனத்தின் தொண்டையைத் திறந்துவிட்டது. தாராவியில்தான் தாத்தாவின் மடையைக் கதையாக எழுதினேன்.

அதை ஊருக்கு அனுப்பினேன். அக்கா மகள் பதில் போட்டாள். "ஆச்சி கேட்டுச்சு. தாத்தா மறுகால்ல முங்குனாருன்னு எழுதியிருக்கியாம். மறுகால்ல மிச்சத்தண்ணி வழியும், அங்க எவன் முங்குவான், மடையிலதான் முங்கணும்னு ஏசுது." தூரம் தொண்டையைத் திறக்கும், விவரத்தை மறக்கடிக்கவும் செய்யும். திருத்தினேன்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் இப்படித்தான். நியூயார்க்கின் ஹார்லெமில் 1924இல் பிறந்தவர். வளர்ப்புத் தந்தை ஒரு பிரசங்கி. 1948இல் கையில் நாற்பது டாலரோடு பாரிசுக்குப் போய்விட்டார். இனவெறி கொன்றுவிடும், அல்லது தான் யாரையாவது கொன்றுவிடுவோம் என்ற நிலை. ஹார்லெமையும் அதன் தேவாலயத்தையும் பற்றிய அவருடைய முதல் நாவல் வருஷக்கணக்கில் முடியாமல் கிடந்தது. அதை எங்கே முடித்தார் தெரியுமா? 1951-52 குளிர்காலத்தில், சுவிட்சர்லாந்து மலையில், பனி மூடிய ஒரு சின்னக் கிராமத்தில். அந்தக் கிராமம் அதுவரை கறுப்பு மனிதரையே பார்த்ததில்லை. பிள்ளைகள் தெருவில் அவர் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கொண்டுபோனது ஒரு தட்டச்சு இயந்திரமும், பெஸ்ஸி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் இசைத்தட்டுகளும். மறக்க முயன்ற தன் சனத்தின் பேச்சை அந்தக் குரலில் திரும்பக் கேட்டார். நாவல் 1953இல் வந்தது. எனக்குத் தாராவிக் குழாயடி எப்படியோ, அப்படி அவருக்கு அந்த இசைத்தட்டுகள்.

நம் பக்கத்தில் கே. டானியலைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைக்குள் நுழையவும் கோயிலுக்குள் நுழையவும் நடந்த போராட்டங்களில் நின்றவர். 'பஞ்சமர்' உள்ளிட்ட அவர் நாவல்களின் களம் அந்தத் தீபகற்பத்தின் கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும்தான். 1986இல் அவர் இறந்தது தஞ்சாவூரில். உடம்பு இங்கே கிடக்கிறது, எழுத்து முழுக்க அங்கே நிற்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு நம்மைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. ஆரோக்கியம் என்ற பெண் சாயங்காலமானால் சேரியில் வீடுவீடாகப் போய்ச் சோறு எடுக்கிறாள். நம் இயக்கத்துக்குள் அந்த நாவல் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறது என்று பேசியவர்களில் நானும் உண்டு. பிறகு ஒருநாள் யோசித்தேன். எங்கள் தெருவின் கடைசியிலும் அப்படி ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்று எங்கள் தெரு எப்படித் தெரியும் என்று நான் பார்த்ததே இல்லை. அம்மா குளத்தைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்வியை அந்த வீட்டு அம்மா எங்கள் தெருவைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கலாம். அவளுக்கு நாங்கள்தான் 'ஊர்'. தலித் எழுத்து அந்தக் கேள்விக்கு அஞ்சினால், நாமும் படித்துறையில் நின்று நிழலைத்தான் வர்ணித்துக்கொண்டிருப்போம்.

கடைசியாக ஒன்று. எங்கள் சீமையின் மலை மேலே மாஞ்சோலை இருக்கிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்ட காடு. தேயிலை பறிக்க ஏறிப்போனவர்களில் பெரும்பாலோர் நம் சனங்கள். கீழே சாதிக்கொடுமைக்குத் தப்பி மேலே போய், அட்டைக்கும் மழைக்கும் ரத்தம் கொடுத்தார்கள். 1999 ஜூலை 23இல் கூலி உயர்வும் கைதானவர்கள் விடுதலையும் கேட்டு ஊர்வலம் வந்தபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் பச்சைக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். 2024இல் தோட்டத்தை மூடி, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி, நாலைந்து தலைமுறை இருந்த லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த வீடு அவர்கள் பேரில் ஒருநாளும் இருந்ததில்லை. 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால் அங்கே பிறந்த பிள்ளை எதைச் சொல்லும்?

அந்த லைன் வீட்டில் அடுப்பு எந்த மூலையில் இருந்தது, கொழுந்து நிறுத்த எந்தப் பாதையில் நடந்தார்கள், மழை மாதத்தில் பிள்ளையை எங்கே தூங்க வைத்தார்கள் என்பதெல்லாம் நீதிமன்ற ஆவணத்தில் இருக்காது. காடு அதை மூடிவிடும். இறங்கி வந்த கிழவிகள் இருக்கும்வரைதான் அது இருக்கும்.

மாணவர்களை ஒன்று கேட்கிறேன். கதை எழுதுகிறீர்களோ இல்லையோ, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். அம்மாவையோ ஆச்சியையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் நடந்த பாதைகளை மட்டும் வரையுங்கள். எங்கே சைக்கிளை விட்டு இறங்கினார்கள், எங்கே செருப்பைக் கழற்றினார்கள், எந்தக் கிணற்றில் யாராவது ஊற்றும்வரை காத்து நின்றார்கள், எந்த இடத்தில் பயமில்லாமல் சிரித்தார்கள் என்று குறியுங்கள். அப்புறம் தெருக்கோடி வீட்டுக்கும் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டி, இது சரியா என்று கேளுங்கள். தப்பு என்று சொன்னால் கோபப்படாமல் திருத்துங்கள்.

நான் நாற்பது வருஷமாகத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.